சொறி என்னும் ஒற்றைச் சொல்

சென்ற ஆண்டு ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் எங்கள் வீட்டு நாய் மணி காதைச் சொறியத் தொடங்கியது. முதலில் நான் பொருட்படுத்தவில்லை. கருக்களாச்சேரியில் நாய் சொறிவதும் கடல் இரைவதும் ஒன்றுதான்; யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பத்து நாள் கழித்து, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஓர் இரவில், திண்ணையில் அதன் பின்னங்கால் நகம் தரையில் தட்டும் ஒலி நிற்காமல் கேட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். காது விளிம்பில் மயிரே இல்லை. முன்னங்கால் முட்டியில் சாம்பல் பூத்தாற்போலச் செதில். நான் தொட்டதும் வாலை ஆட்டியது, ஆட்டிக்கொண்டே சொறிந்தது.

மறுநாள் காலையில் யோசனைகள் வந்து குவிந்தன. சித்தப்பா படகிலிருந்து இறங்கிய ஈரத்தோடு வந்து நின்று, "இஞ்சின் வேஸ்ட் ஆயில எடுத்துப் பூசிவுடுடா வாத்தியாரே, மூணே நாள்ல உதுந்துடும்" என்றார். எதிர்வீட்டு அத்தை மண்ணெண்ணெயும் மஞ்சளும் என்றார். என்னிடம் படித்த பையன் ஒருவன், "சார், மாட்டுக்குப் போடுற ஊசி ஒண்ணு இருக்கு, அதுல கொஞ்சூண்டு உறிஞ்சிப் போட்டாப் போதும்" என்றான். இன்னொருவர் மருந்தே சொல்லவில்லை; வாஞ்சூர் எல்லைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொன்னார். (வாஞ்சூருக்கு மக்கள் வழக்கமாகப் போவதும் திரும்புவதும் வேறு காரணத்துக்காக. எங்கள் பிரதேசத்தின் எல்லையில் இருப்பதால் அந்தச் சிற்றூருக்குக் கிடைத்த புகழ் அது.)

இத்தனை பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: என்ன நோய் இது? கேட்கத் தேவையில்லை என்றே எல்லோரும் நினைத்தோம். நாய்க்கு அரித்து முடி கொட்டினால் அதன் பெயர் சொறி. பெயர் தெரிந்துவிட்டதால் நோயும் தெரிந்துவிட்டதாக எண்ணம்.

தமிழ் படித்தவனுக்கு எதிலும் சொல்லைத் தேடும் வழக்கம் உண்டு. அதையும் ஒரு வியாதி என்பாள் என் மனைவி. மனிதத் தோலுக்கு வரும் தொல்லைகளுக்கு நம்மிடம் எத்தனை பெயர்கள்! சொறி, சிரங்கு, படை, படர்தாமரை, தேமல், கரப்பான், அக்கி, வேர்க்குரு, காணாக்கடி, புழுவெட்டு, சேற்றுப்புண். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி இவற்றுள் ஒன்றை இன்னொன்றாக ஒருநாளும் மயங்கியதில்லை. அக்கி என்றால் காவி எழுதக் குயவர் வீட்டுக்கு அனுப்புவாள். படர்தாமரைக்குச் சீமையகத்தி இலை அரைப்பாள். வேர்க்குருவுக்கு நுங்குத் தோல், புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம். அந்த மருந்துகள் எல்லாம் சரியா என்பது வேறு விவாதம். மருந்துக்கு முன்னால் வேறுபடுத்திப் பார்க்கும் கண் அவளிடம் இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். அதே பாட்டி நாயைப் பார்த்தால், "சொறி புடிச்சிருக்கு, கிட்ட போவாத" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்.

நாய்க்குத் தமிழில் சொற்பஞ்சம் என்றும் சொல்வதற்கில்லை. ஞமலி, ஞாளி, குக்கல், சுணங்கன் என்று பெயர்கள் உண்டு. தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டிக்கும் புலிக்குட்டிக்கும் 'குருளை' என்ற ஒரே இளமைப்பெயரை வழங்குகிறது. பன்றியும் முயலும் அந்த வரிசையில் உண்டு. மாணிக்கவாசகர் தம்மை நாய் என்று சொல்லிக்கொள்ளச் சலித்ததே இல்லை. அங்கே நாய் கடைப்பட்டதுதான், ஆனால் ஆட்கொள்ளப்படும் தகுதி அதற்குப் போய்விடவில்லை. 'சொறிநாய்' என்ற தெருவழக்கு அப்படிப்பட்டது அன்று. அது நோயின் பெயராகத் தொடங்கி, வசைச்சொல்லாகி, இப்போது ஓர் ஏவலாகவே நிற்கிறது: விலகு, கல்லெடு, துரத்து. வசைச்சொல்லாகிவிட்ட ஒரு நோய்க்கு வைத்தியம் பார்ப்பது கடினம் என்பது என் துணிபு. தொழுநோயாளிகளை நாம் எப்படி நடத்தினோம் என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

1992 வாக்கில், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் வீட்டில் செவலை என்றொரு பெட்டை நாய். அதற்கு முகத்திலும் காலிலும் முடி கொட்டியது. அப்பா இஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஒரு தகரக் குவளையில் வைத்துக்கொடுத்தார். பூசியவன் நான். பழைய லுங்கித் துணியைத் தோய்த்துத் தலைமுதல் வால்வரை ஓரிடம் விடாமல் பூசினேன். செவலை கருவலையானதைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் சிரித்தோம். நாய் தன் உடம்பை நக்கித்தான் துடைத்துக்கொள்ளும். அன்று இரவு முழுக்க நக்கியது. மறுநாள் வாந்தி. அதற்கடுத்த நாள் வலைக்குவியலுக்குப் பின்னால் போய்ப் படுத்தது. கூப்பிட்டால் வாலின் நுனி மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் இல்லை. "சொறி முத்திப்போயி செத்துப்போச்சு" என்றார்கள். முப்பது வயது தாண்டும்வரை நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

பழைய இஞ்சின் எண்ணெயில் பெட்ரோலிய நஞ்சுகள் இருக்கின்றன; இஞ்சின் தேய்மானத்தில் கலந்த உலோகத் துகள்கள் இருக்கின்றன. தோல்வழியாகவும் நக்குவதன் வழியாகவும் உள்ளே போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வாந்தியில் வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே போதும் உயிரைக் குடிக்க. மண்ணெண்ணெய் இன்னும் மோசம், தோலையே வேகவைத்துவிடும். ஆனால் இந்த வைத்தியம் முழுப்பொய் என்றும் தள்ளிவிட முடியாது. எண்ணெய்ப் படலத்தில் தோலின் மேலிருக்கும் பூச்சிகளில் சில மூச்சுத்திணறிச் சாகத்தான் செய்யும். பத்து நாயில் சில பிழைத்து முடியும் முளைக்கும். ஊர் அந்த நாய்களை நினைவில் வைத்துக்கொள்ளும். மற்றவை சொறி முத்திச் செத்தவை.

செவலைக்கு என்ன நோய் இருந்தது? இப்போது நினைத்துப் பார்த்தால், கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்காலிலும்தான் முடி கொட்டியிருந்தது. அது அதிகமாகச் சொறிந்ததாக நினைவில்லை. வயதும் ஒன்றைத் தாண்டவில்லை. டெமோடெக்ஸ் என்ற நுண்ணுண்ணியாக இருந்திருக்கலாம். மயிர்க்கால்களுக்குள் வாழும் இந்த உயிர், குட்டி பிறந்த முதல் சில நாட்களில் பால்குடிக்கும்போது தாயிடமிருந்து தொற்றுகிறது. ஏறக்குறைய எல்லா நாய்களிடமும் சிறிதளவு இருப்பதுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது பெருகி முடியை உதிர்க்கிறது. மனிதர்க்குத் தொற்றாது. இளம் நாய்களில் இரண்டொரு திட்டுகளாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் நல்ல தீனியிலேயே தானாக ஆறிவிடும். சும்மா விட்டிருந்தாலே செவலை பிழைத்திருக்கக்கூடும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

மணிக்கு வந்தது வேறு. அதை மருத்துவர் சொல்லுமுன் என் கண்ணே சொல்லியிருக்க வேண்டும். சார்கோப்டஸ் என்ற சிரங்குப்பூச்சியின் பெண் தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். முடி குறைந்த இடங்களே அதற்கு விருப்பம்: காது விளிம்பு, முன்னங்கால் முட்டி, பின்னங்கால் குதிமூட்டு, அடிவயிறு. அரிப்பு தாங்கமுடியாததாக இருக்கும். அரிப்பு முதலில், முடி கொட்டுவது அதன் பின்னால். காது விளிம்பை விரலால் மெதுவாகத் தேய்த்தால் அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகவே காற்றில் உதைக்கத் தொடங்கும். நோயுள்ள நாய்களில் பலவும் இதைச் செய்யும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இன்னொரு தடயம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. மணியைக் கட்டிக்கொண்டு திரியும் என் மகளுக்கு முன்கையிலும் இடுப்பிலும் சிவப்புப் பொரிகள். நாய்ச் சிரங்குப்பூச்சி மனிதரையும் கடிக்கும். ஆனால் நம் தோலில் அதன் சந்ததி நிலைக்காது. நாயைக் குணப்படுத்தினால் இதுவும் அடங்கும். இது தெரியாததால்தான் குழந்தைகளுக்கு அரிக்கத் தொடங்கியதும் நாயை எல்லை தாண்டி விடும் யோசனை வருகிறது.

தெள்ளுப்பூச்சியின் கதை உடம்பின் மறுமுனையில் நடக்கும். வாலின் அடி, இடுப்பு, தொடையின் பின்புறம். சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாது. ஓரிரு கடியே போதும், நாள்கணக்கில் கடித்துக் குதறிக்கொள்ளும். தெள்ளு கண்ணில் படாவிட்டால் சீப்பால் வாரி, உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண்ணன்று, தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம். (எழுதாத விடைத்தாள் இதற்கு மிகவும் பொருத்தம். எங்கள் துறையில் அதற்குக் குறைவில்லை.) தெள்ளுகளில் நாயின்மேல் இருப்பவை சொற்பம். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கைச் சாக்கிலும் திண்ணை இடுக்கிலும் மணலிலும் கிடக்கின்றன. நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுப் பழைய சாக்கிலேயே படுக்கவைத்தால் எந்த மருந்தும் தோற்கும்.

வட்டவட்டமாக, முடி முறிந்து, ஓரம் செதிலாக இருந்தால் அது நம் படர்தாமரையின் உறவு. பிள்ளைகளுக்கும் நன்றாகவே தொற்றும். தோல் பிசுபிசுத்து, மக்கிய எண்ணெய் நாற்றம் அடித்தால் காளான் வகை. எங்கள் கடற்கரைப் புழுக்கத்தில் இது மிகுதி, அதுவும் காது மடலுக்குள். அரிப்பே இல்லாமல் உடம்பின் இரு பக்கமும் ஒத்தாற்போல முடி மெலிந்தால் சுரப்பிகளைச் சோதிக்க வேண்டியிருக்கும். எந்த எண்ணெயைப் பூசினாலும் அது திரும்பாது. குட்டி போட்ட பெட்டை முடி உதிர்ப்பதும், கிழநாய்க்கு வெறுந்தரையில் படுத்துப் படுத்து முட்டி மொழுக்கென்று காய்ப்பதும் நோயே அல்ல. அவற்றையும் நாம் சொறி என்றே சொல்கிறோம். சில நாய்கள் அதற்காகவும் கல்லடி படுகின்றன.

இதையெல்லாம் மருத்துவரிடம் போன பிறகுதான் கற்றுக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். போவதற்குமுன் நானும் ஒரு வீட்டு வைத்தியம் செய்தேன். மருந்துக்கடை ஒன்றில் (பெயர் வேண்டாம்) நிலைமையைச் சொன்னதும் மனிதர்க்கான களிம்புக் குழாய் ஒன்றைக் கொடுத்தார்கள். சீட்டும் கேட்கவில்லை, வேறு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு நாளில் அரிப்பு குறைந்தது. சித்தப்பாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. அது அரிப்பை அமுக்கும்; கூடவே, பூச்சியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவலையும் தளர்த்தும். ஐந்தாம் நாள் நோய் அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. இஞ்சின் எண்ணெயைப் பழித்துப் பேசுகிற முதுகலைப் பட்டதாரி செய்த காரியம் இது. அப்பா தகரக் குவளையில் கொடுத்தார், நான் குழாயில் வாங்கினேன்.

மாட்டு ஊசி யோசனையும் முற்றிலும் பிதற்றல் அல்ல. ஐவர்மெக்டின் என்ற அந்த மருந்துக்கு மூலமான நுண்ணுயிர், ஜப்பானில் சதோஷி ஒமுரா சேகரித்த மண்ணிலிருந்து வந்தது. அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் அதன் ஆற்றலைக் கண்டார். இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனாக் காலத்தில் மனிதர்களும் விழுங்கித் தீர்த்தார்கள். நாயின் சிரங்குக்கும் மருத்துவர்கள் அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மாட்டு எடைக்கு வடித்த செறிவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோ நாய்க்குக் 'கொஞ்சூண்டு' என்பது எவ்வளவு? கோலி போன்ற சில இனங்களில், மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கும் மரபணுவே பழுதுபட்டிருக்கும். மற்ற நாய்கள் எளிதாகத் தாங்கும் அளவே அவற்றைக் கொன்றுவிடக்கூடும். இப்போது ஃப்ளூரலானர், அஃபாக்சொலானர் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. உண்ணி, தெள்ளு, சிரங்குப்பூச்சி மூன்றையும் பிடிக்கின்றன. வலிப்பு வந்த நாய்க்கு அவற்றைக் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் அறிவித்தது. ஆகவே அதுவும் கேட்டு வாங்க வேண்டியதே.

'நம் முன்னோர் வைத்தியம் என்ன ஆயிற்று?' என்று சிலர் கேட்பார்கள். எனக்கும் குப்பைமேனி மேல் பிரியம் உண்டு. குப்பைமேட்டில் முளைத்து மேனிக்கு உதவும் செடி. பூனைகள் அதன் வேரில் மயங்கிப் புரள்வதால் பூனைவணங்கி என்றும் பெயர். தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபுவழிக் கால்நடை மருத்துவத்தைத் திரட்டி முறைப்படுத்திய பணி மதிக்கத்தக்கது. குப்பைமேனி, வேம்பு, மஞ்சள், பூண்டு சேர்ந்த பூச்சுகள் மாடுகளுக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. ஆனால் மாட்டுக்குச் சொன்னதை அப்படியே நாய்க்குப் பூசக்கூடாது. நாய் நக்கும், பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். வேப்பிலை கொதித்து ஆறிய நீரில் குளிப்பாட்டுவதில் தீங்கில்லை, எரிச்சல் தணியலாம். வளை தோண்டிய பூச்சி அதற்கு அசையாது. கந்தகம் உண்மையிலேயே வேலை செய்யும் பழைய மருந்து. மனிதச் சிரங்குக்கும் இன்றுவரை அதன் களிம்பு உண்டு. அதையும் அளவறிந்து தயாரித்ததாக வாங்க வேண்டும், வீட்டில் காய்ச்சக்கூடாது.

செலவைப் பற்றிச் சொல்லாமல் இவ்வளவும் பேசுவது நியாயமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊரில் பலருக்கு வருமானம் நின்றுவிடும். அப்போது நாய்க்கு மாத்திரை வாங்கச் சொல்பவனை என்னவென்று நினைப்பார்கள்? 'மனுசனுக்கே வழியில்ல' என்ற பேச்சை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். எங்கள் ஒன்றியப் பிரதேசத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கிறது, தமிழ்நாட்டைக் கடந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். 2012-இல் தொடங்கிய ஒரத்தநாட்டுக் கல்லூரி கிட்டத்தட்ட இருக்கிறது, ஆனால் அது அடுத்த மாநிலம். வரைபடத்தில் தீவாக இருப்பதன் விலையை மனிதர்களோடு நாய்களும் கொடுக்கின்றன. என்றாலும் காரைக்காலில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கே நாயைத் தூக்கிக்கொண்டு போக எங்கள் ஊரில் பலருக்குக் கூச்சம். 'சொறிநாயைத் தூக்கிக்கிட்டுப் போறான் பாரு' என்பார்களே என்று. பணத்தைவிட இந்தக் கூச்சம் பெரிய தடை என்பதை என் சொந்தக் கூச்சத்தை வைத்துச் சொல்கிறேன். நானே முதல் தடவை மணியைப் போர்வையில் சுற்றித்தான் கொண்டுபோனேன்.

செலவில்லாமல் வீட்டில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. படுக்கைச் சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுவது. கடலில் புரண்டுவிட்டு வந்த நாயை நல்ல தண்ணீரில் கழுவுவது; உப்பு காய்ந்து நின்றால் புண்ணை அரிக்கும். நம் சோப்பைத் தவிர்ப்பது. நாய்த்தோலின் காரத்தன்மை நம்முடையதைவிட அதிகம், நம் சோப்பு அதை வறட்டும். மருத்துவர் மருந்துக் குளியல் சொன்னால் நுரையைப் பத்து நிமிடம் உடம்பில் நிற்கவிட்டுக் கழுவுவது. கருவாட்டுத் தலைக்குப் பதிலாக உப்பில்லாமல் வேகவைத்த மத்தி இரண்டு. அந்தக் கொழுப்பு தோலுக்கு நல்லது, எங்கள் கரையில் மலிவும்கூட. தெருநாயைத் தொட்டுப் பார்க்கப்போகிறவர் கடிபட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஓடவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

மருத்துவர் மணியின் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். பூச்சி சிக்கவில்லை. சார்கோப்டஸ் பலமுறை சிக்காது என்றார். காதைத் தேய்த்துக் காலின் உதையைப் பார்த்தார். என் மகளின் கையைப் பார்த்தார். நாயை எடைபோட்டு மாத்திரை எழுதினார். களிம்புக் குழாயைக் காட்டியபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விருப்பமில்லை. அடுத்த வாரத்தில் அரிப்பு குறைந்தது. முட்டையிலிருந்து முட்டைவரை அந்தப் பூச்சியின் சுற்று மூன்று வாரம் என்பதால் அதுவரை படுக்கையை மாற்றிக்கொண்டே இருந்தோம். தை பிறப்பதற்குள் முட்டியில் முடி வந்துவிட்டது. காது விளிம்பில் மட்டும் பங்குனிவரை மெல்லிய பூஞ்சைமயிர்தான்.

சித்தப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆயில் பூசியிருந்தா அம்பது காசு செலவில்ல" என்கிறார். ஆனால் சென்ற மாதம் அவர் வீட்டுக் குட்டிநாய்க்கு முடி கொட்டியபோது ஆயில் குவளையை எடுக்காமல், அதைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் விட்டு, வாலை விலக்கிக் காட்டி, "இது மணிக்கு வந்த சொறி இல்லடா, காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வால்கிட்ட மட்டும்தான் கடிச்சிக்கிது. என்னான்னு பாரு" என்றார். நான் எழுதாத விடைத்தாள் ஒன்றைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன்.